ஆனியில் வெளியே நின்ற குதிரை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியை வைத்த பிறகு நான் குசினிக் கதிரையை விட்டு வெகுநேரம் எழும்பவில்லை. அப்பாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் படிவத்தில் நீயும் கையெழுத்து வைக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். நல்ல நினைவோடு இருந்த காலத்தில், தனக்கு ஏலாமல் போனால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்று அவர் எழுதி வைத்துவிட்டார். நீ சொன்னாய்: "ஏலாது அம்மா. ஜெசியப் பூட்டி வையுங்கோ எண்டு ஒருக்கா நான் முடிவெடுத்தனான். அது செத்துப்போச்சு. இப்ப அப்பாவையும் பூட்டச் சொல்லி என்னட்டக் கேக்காதேங்கோ. சொறி அம்மா." அதற்குப் பிறகு ட்ராம் மணிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. வேலைக்கு ஏறப்போகிற பிள்ளையை அழவைத்துவிட்டேனே என்று நினைத்தேன். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உனக்குச் சொல்லாமல் கிடந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன். குரல் பதிவாக அனுப்பினால் நீ பாதியில் நிறுத்திவிடுவாய். எழுதினால் திட்டிக்கொண்டாவது கடைசி வரைக்கும் வாசிப்பாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்கு நானே அனுபவிக்கப்போகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஜெசி சாகும்போது லாயத்துக்குள் நிற்கவில்லை. வெளியே, மழையில், புல்வெளியில் நின்றது. அப்பா கட்டிய லாயத்துக்குள் அது ஒரு நாள்கூடக் கால் வைக்கவில்லை. நீ பூட்டச் சொன்னதால் அது சாகவில்லை. நீ சொன்னபடி நான் பூட்டவிடாததால்தான் செத்தது. மூன்று குளிர்காலமாக நீ சுமந்துகொண்டு திரிகிற பழி என்னுடையது. அது உன் தலையில் ஏறி உட்கார்ந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த இடத்தில் நீ எழும்பி ஒருமுறை நடந்துவிட்டு வருவாய் என்று தெரியும். போட்டு வா. நான் எங்கேயும் போகமாட்டேன்.

ஜெசி வந்த நாளிலிருந்தே நான் அதோடு ஒரு சண்டையில்தான் இருந்தேன். எங்கள் மெரிலேண்ட்ஸில் மற்றப் பிள்ளைகள் வார இறுதியில் கணக்கு ட்யூஷனுக்குப் போனார்கள். நீ ஹெலன்ஸ்பர்க்கில் அந்த மனுஷி ஜோனின் குதிரைப் பண்ணைக்குப் போய்ச் சாணி அள்ளினாய். பந்தயத்தில் ஓடி முடிந்து யாருக்கும் வேண்டாமல் நின்ற ஒரு கிழட்டுப் பெண் குதிரையை, அப்பாவின் கையெழுத்தோடு, எனக்குத் தெரியாமல் உன்னுடையதாக்கிக்கொண்டாய். நான் இரண்டு நாள் சமைக்கவில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகிற வழியில் அப்பா காரை ஜோனின் வாசலில் நிறுத்திவிட்டு, "இறங்கிப் பாருமன். கடிக்காது" என்றார். நான் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினேன். அது வந்து தன் நீட்டு மூஞ்சியைக் காருக்குள்ளே விட்டு, என் மடியில் இருந்த அர்ச்சனைத் தட்டின் வாழைப்பழத்தைத் தோலோடு தின்றது. சாமிக்கு வைத்ததைத் தின்ற குதிரையை யாரால் கோபிக்க முடியும்? அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு சீப்புப் பழம் வாங்கினேன். இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. உன் முன்னால் அதைக் "குதிரை" என்று மட்டும்தான் சொல்வேன். அப்பா "பிள்ளை" என்பார்.

பிறகு நீ பல்கலைக்கழகத்தை விட்டாய், மெல்பேர்னுக்குப் போனாய், ட்ராம் ஓட்டத் தொடங்கினாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது. "சாணி அள்ளினவனுக்கு இது முன்னேற்றம்தான்" என்று, வீட்டுக்கு வந்த ஆட்களுக்கு முன்னால் சொன்னேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே நான் வாயை மூடியிருக்க வேண்டும். கோயிலில் யாராவது கேட்டால் "போக்குவரத்துத் துறையில இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷி நான். அதற்குப் பிறகு நீ சிட்னிக்கு வருகிறது குறைந்தது. வந்தாலும் விமான நிலையத்திலிருந்து நேரே ஹெலன்ஸ்பர்க்குக்குப் போய், ஜெசியின் பல்லையும் குளம்பையும் பார்த்துவிட்டு, பொழுதுபட்டபிறகுதான் வீட்டுக்கு வருவாய். குதிரைக்கு ஒரு நாள், எங்களுக்கு ஒரு சாப்பாடு. எனக்கு அது வலித்தது. ஆனால் அந்தக் குதிரை இல்லாவிட்டால் அந்தச் சாப்பாடும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கடைசி ஆண்டு ஜெசி மெலிந்துவிட்டது. பல் தேய்ந்து, வைக்கோலைச் சுருட்டிச் சுருட்டித் துப்பியது. குளிருக்கு வளர வேண்டிய மயிரும் சரியாக வளரவில்லை. இந்தக் குளிர்காலத்தை அது வெளியே நின்று தாங்காது என்று நீதான் முதலில் சொன்னாய். அப்பா கதவு செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை செய்த மனிதர். ஜோனின் சம்மதத்தோடு, பழைய பலகை வாங்கி, சித்திரையிலிருந்து வைகாசி நடுப்பகுதிவரை ஒவ்வொரு சனி ஞாயிறும் போய் அந்த லாயத்தைக் கட்டினார். கதவை மேல் பாதி, கீழ் பாதியாகச் செய்தார், அது தலையை வெளியே நீட்டிப் பார்க்கட்டும் என்று. நீ ஒரு தாளில் எழுதி அனுப்பியதை நான் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தேன். தனிக் குளிரை அது தாங்கும், தனி மழையைத் தாங்கும்; குளிரும் மழையும் காற்றும் ஒன்றாக வந்தால் ஒரு இரவுகூட வெளியே விடக்கூடாது. மே முடியும்போதே தொடங்க வேண்டும். முதலில் சில நாள் உள்ளே தீன் வைத்துக் கதவைத் திறந்தே விட வேண்டும், பழகின பிறகு இரவில் மூட வேண்டும். சந்தேகம் வந்தால் அதன் போர்வைக்குக் கீழே, தோளில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். தோள் குளிர்ந்திருந்தால் யோசிக்காமல் உள்ளே கொண்டுபோக வேண்டும். இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது. நீ நல்ல முடிவுதான் எடுத்தாய். அதை இன்னொரு தரம் வாசி. நீ நல்ல முடிவுதான் எடுத்தாய்.

அந்தத் தாளுக்கு மேலே என்னுடைய பஞ்சாங்கம் தொங்கியது. மெரிலேண்ட்ஸிலும் லிட்கம்மிலும் யார் வீடு வாங்கினாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். "அன்ரி, பால் காய்ச்ச ஒரு நாள் சொல்லுங்கோ." நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிய ஆள் மாதிரிப் பக்கம் புரட்டுவேன். நான் சொன்ன நாளில் புகுந்தவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை என்று எனக்கொரு தலைக்கனம். லாயம் முடிந்ததும், இதுவும் புதுக் கட்டிடம்தானே, ஒரு உயிர் குடிபுகப்போகிறதே, நாள் பார்க்காமல் விடலாமா என்றேன். அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஜூன் மாத நீண்ட வார இறுதியில் வைகாசியின் கடைசி நல்ல நாள் வந்தது. அதற்கு முன்னாலும் இரண்டு நல்ல நாள்கள் இருந்தன, தம்பி. அவற்றை நான் வேண்டுமென்றே தாண்டினேன். நீண்ட வார இறுதி என்றால் உனக்கு லீவு கிடைக்கும், நீ வருவாய், உன் கையால் அதை உள்ளே விடலாம் என்று நினைத்தேன். ஒரு சின்னப் பாத்திரம்கூட வாங்கினேன், லாயத்துக்கு முன்னால் பால் காய்ச்ச. நீயும் "வாறன் அம்மா" என்றாய். நான் மூன்று நாளைக்குச் சமைக்க வேண்டியதை எழுதி வைத்தேன்.

வியாழக்கிழமை நீ அழைத்தாய். "அம்மா, ஷிஃப்ட் மாத்திப்போட்டினம். வர ஏலாது. நீங்களே உள்ள விடுங்கோ. எனக்காக வெயிட் பண்ணாதேங்கோ." நான் "ஓம் ஓம்" என்றேன். அந்த நல்ல நாள் வந்தது, போனது. நான் வீட்டை விட்டு இறங்கவில்லை. அப்பா இரண்டு தரம் கேட்டார். தலையிடி என்றேன். அடுத்த நாள் நீ எடுத்துக் கேட்டாய், "உள்ள விட்டாச்சோ?" என் வாயிலிருந்து "ஓம், விட்டாச்சு" என்று வந்துவிட்டது. இரண்டொரு நாளில் விட்டுவிடலாம், இதற்கு ஏன் பிள்ளையோடு வாக்குவாதம் என்று நினைத்தேன். அதற்குள் ஆனி பிறந்துவிட்டது. ஆனியிலும் ஆடியிலும் குடிபுகக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நான், என் குதிரையை மட்டும் எப்படி விடுவது? இனி ஆவணிதான் என்றேன். அன்றைக்குத்தான் அப்பாவுக்குக் கோபம் வந்தது. "இஞ்சாரும், குதிரைக்கு என்ன ஆனி ஆடி? உந்தப் பஞ்சாங்கத்துக்கு ஆனி எண்டா வெயில். இஞ்ச ஆனி எண்டா எலும்பு நடுங்குது. பிள்ளை எழுதின தாளை வாசியும்." நாற்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் அவர் குரலை உயர்த்தியது குறைவு. அவர் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் வாயை மூடவைத்தேன். எனக்கு வராதா, அந்தக் கலை?

பஞ்சாங்கத்தின் மேல் பழியைப் போடுவது எனக்கு லேசு. நானும் வெகுகாலம் அப்படித்தான் போட்டேன். உண்மை அதுவல்ல. குதிரை வெளியே நிற்கும்வரை ஒரு வேலை முடியாமல் இருக்கிறது, அந்த வேலைக்காக நீ வருவாய் என்று இருந்தேன். அதை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டால், உனக்கு இங்கே என்ன இருக்கிறது? எங்களைப் பார்க்க நீ வருவாய் என்று நம்ப எனக்குத் தைரியம் இருக்கவில்லை. ஆவணியில் உன் பிறந்தநாள். அதற்கு நாள் வைத்தால் நீ வராமல் இருக்கமாட்டாய் என்று கணக்குப் போட்டேன். ஒரு வாயில்லாப் பிராணியை மழையில் நிறுத்தி வைத்து மகனைக் கூப்பிட்ட தாய் நான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனி நடுவில் அந்த வெள்ளிக்கிழமை ஜோன் வொலங்கோங்கில் தன் தங்கை வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள். போகும்போது காரை நிறுத்தி, பெரிய மழை வருகிறது, இன்றைக்குக் கட்டாயம் உள்ளே விடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்பா தலைக்கயிற்றை எடுத்துக்கொண்டு வேலி வாசலில் நின்றார். நான் காருக்குள் இருந்தேன். மழை சரிவாக அடித்தது. "ராகுகாலம் வேற நடக்குது" என்றேன். "நாளைக்குக் காலமை வந்து பாப்பம். ஒரு நாள்தானே?" அவர் கயிற்றோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றை வேலியில் கொழுவிவிட்டு, ஜெசிக்குக் காய்ந்த போர்வை மாற்றிப் போட்டு, அதன் கீழே தோளில் கையை வைத்துப் பார்த்தார். காருக்கு வந்து ஏறினார். குளிர்ந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சனி காலை நாங்கள் போனபோது அது சேற்றில் சரிந்து கிடந்தது. எழும்ப முயன்று முயன்று, கால்கள் கிளறின சேறு சுற்றிவர விசிறிக்கிடந்தது. போர்வை ஊறிப்போயிருந்தது. லாயத்துக்கு அங்கிருந்து நாற்பது அடிகூட இல்லை. மிருக வைத்தியர் வந்து, இனி எழும்பாது, வேதனைப்படாமல் போகவிடுவோம் என்றார். அப்பா சேற்றிலேயே இருந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "பிள்ளை, பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்னால் பக்கத்தில் நிற்க முடியவில்லை. மழைக்கு ஒதுங்க லாயத்துக்குள் போனேன். உள்ளே வைக்கோல் காய்ந்து, நல்ல மணமாக, கதகதப்பாக இருந்தது. அந்தக் கட்டிடத்துக்குள் முதல் குடிபுகுந்தது நான்தான், ஆனி மாதத்தில். அப்போது நான் அழுத அழுகையை உன் அப்பா கேட்டிருப்பார். திரும்பிப் பார்க்கவில்லை.

காரிலிருந்து உனக்குச் சொன்னேன். நீ, "உள்ளதானே நிண்டது?" என்று கேட்டாய். நான் "ஓம்" என்றேன். "கதவு பூட்டியோ?" "ஓம்." நீ மெதுவாகச் சொன்னாய், "இத்தனை வருஷம் வெளியில நிண்டது. உள்ள வைக்கோல் தூசியும் புழுக்கமும் ஒத்துக்கொள்ளேல்லப் போல. நான்தான் பூட்டச் சொன்னன்." அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வசனம் போதும். "எல்லாம் விதி தம்பி" என்று சொன்னேன். பக்கத்தில் சேறு அப்பிய காற்சட்டையோடு அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். என் பொய்யை அவர் ஒருநாளும் உடைக்கவில்லை. ஜோனிடமும், நாங்களே மகனுக்குச் சொல்லிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். நான் சொல்லுவேன் என்று காத்திருந்திருப்பார். நீ சேணத்தை யாருக்கோ கொடுத்தாய் என்று கேள்விப்பட்டோம். பிறகு குதிரை இருக்கும் பக்கமே போவதில்லை என்றும். அப்போதும் சொல்லவில்லை. இப்போது அப்பாவுக்கு அந்தச் சனிக்கிழமையே நினைவில் இல்லை. அதைத் தெரிந்த ஆள் வீட்டில் நான் ஒருத்திதான். சொல்லாமலே விட்டிருந்தால் என்னோடு போயிருக்கும். விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன், அதை உன்னிடம் மறைக்கவில்லை.

பிறகு ஏன் சொல்கிறேன் என்றால், திங்கட்கிழமை இல்லத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். ஓர் அறை காலியாகியிருக்கிறது, அடுத்த வாரப் புதன்வரைதான் வைத்திருக்க முடியும் என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஓகஸ்ட் நடுப்பகுதிவரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன். ஆடி கழியட்டும் என்று. கேட்டுக்கொண்டே கை பஞ்சாங்கத்துக்குப் போனது. அதற்குள் உன் மனம் மாறும், நீ வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போவாய் என்றும் ஒரு எண்ணம் ஓடியது. அந்தப் பெண் "ஹலோ, ஹலோ" என்றாள். உன் அப்பாவையும் நான் அதே மழையில் வெளியே நிறுத்திக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது விளங்கியது.

உனக்கு நான் முழுவதும் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. போன மாதம் அப்பா லிட்கம் ஸ்டேஷனில் நனைந்துபோய் நின்றார், பொலிஸ் கூட்டிவந்தது என்று மட்டும் சொன்னேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைச் சொல்லவில்லை. மழை தொடங்கினால் அவர் கதிரையை விட்டு எழும்பிவிடுவார். "பிள்ளைய உள்ள விட்டாச்சோ?" என்று கேட்பார். "ஓம், விட்டாச்சு" என்றால் இருப்பார். கொஞ்சத்தில் திரும்பக் கேட்பார். அன்றைக்குப் பின்னேரம் எனக்கு அந்தப் பொய்யைச் சொல்ல முடியாமல் போய்விட்டது. "இல்லையப்பா, விடேல்ல. நான் விடவிடேல்ல" என்று அழுதுவிட்டேன். "அப்ப நான் போட்டு வாறன்" என்றார். என் கையை ஆறுதலாகத் தட்டினார். நான் முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. சேட்டோடு போயிருக்கிறார், ஸ்வெட்டர்கூட இல்லை. பொலிஸ்காரரிடம், குதிரையை உள்ளே விட ஹெலன்ஸ்பர்க்குக்குப் போகிறேன் என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்தபிறகு போர்வைக்குள் கையை விட்டு அவர் தோளைத் தொட்டுப் பார்த்தேன். எவ்வளவு குளிர், தம்பி.

இந்த வீட்டில் அவரை என்னால் காக்க முடியவில்லை. எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. அவருக்குப் பின்னால் ஓட முழங்கால் விடாது. அங்கே புட்டும் சம்பலும் இருக்காது, அவர் பக்கத்தில் படுத்துக்கொள்ள என்னையும் விடமாட்டார்கள். அவரில்லாத கட்டிலில் எப்படிப் படுப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கதகதப்பாக இருக்கும். கதவில் ஆள் இருக்கும். படிவத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அதை இன்றைக்கே அனுப்புகிறேன். நாள் பார்க்கவில்லை. என்னைக் கோபி, பேசாமல் இரு, எத்தனை வருஷம் வேண்டுமென்றாலும் வராமல் இரு. நான் செய்ததற்கு அந்தத் தண்டனை காணாது. ஆனால் முதலில் கையெழுத்தை வைத்து அனுப்பு. புதன்கிழமை நீ வந்தாலும் வராவிட்டாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். உனக்காக நிற்கமாட்டேன்.

வெளியே தூறல் தொடங்கிவிட்டது. ஹோலில் அப்பாவின் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்கிறது, இப்போது கேட்கப்போகிறார். போய் "ஓம், விட்டாச்சு" என்று அவருக்குச் சொல்லவேண்டும். சாகும்வரை அவருக்கு அதைத்தான் சொல்லுவேன். உனக்கு நான் சொன்ன "ஓம்" பொய், தம்பி.

அம்மா